தனிமையின் அரியணை: ‘நெர்கலும் எரெஷ்கிகலும்’ தொன்மத்தில் காதலும் நம்பிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

இறந்தோர் உலகை ஆளும் தெய்வம் தனிமையில் உழல்வதாகவும் காதலால் அது நம்பிக்கை பெறுவதாகவும் அமையும் கதைகள் இன்று பல வடிவங்களில் வழங்குகின்றன. இக்கருப்பொருளுக்கு உரிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, மெசொப்பொத்தேமியத் தொன்மமான ‘நெர்கலும் எரெஷ்கிகலும்’ ஆகும். அக்காதிய மொழியில் அமைந்த இத்தொன்மத்தின் அமர்ணாப் படியும் சுல்தான்தெப்பேப் படியும் ஒரே கதையை இருவேறு நோக்கில் கூறுகின்றன. முன்னது அச்சத்தில் முடிவான மணத்தைப் பேசுகிறது. பின்னது பிரிவில் வெளிப்படும் தனிமையைப் பேசுகிறது. எரெஷ்கிகலுக்கு நம்பிக்கை பிறப்பது நெர்கலின் வருகையால் அன்று, அவன் பிரிந்தபின் தன் இழப்பைத் தானே சொல்லத் துணிந்ததால்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அந்நம்பிக்கைக்காக அவள் தன் தனியாட்சியை விலையாகக் கொடுக்க நேர்வதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்

மெசொப்பொத்தேமியத் தொன்மம், எரெஷ்கிகல், நெர்கல், கீழுலகம், தனிமை, பிரிவு, நம்பிக்கை, ஆட்சியுரிமை.

முன்னுரை

சாவு உயிர்கள் அனைத்துக்கும் பொதுவானது. அச்சாவை ஆளும் தெய்வத்துக்கோ சாவில்லை. இம்முரணே கீழுலக அரசர்களைப் பற்றிய கதைகளுக்கு அடிப்படையாகிறது. தன் நாட்டுக்கு வருவோர் எல்லாரும் வாழ்ந்து முடித்தவர்கள். தன் உறவினராகிய பிற தெய்வங்களோ அந்நாட்டுக்கு வர இயலாதவர்கள். எனவே எண்ணற்ற குடிகள் இருந்தும் துணையற்ற ஓர் அரசு அங்கு அமைகிறது.

இத்தகைய அரசனைக் காதல் மீட்கிறது என்னும் கதையமைப்பு அண்மைக் காலத்தில் பெருவழக்காகியுள்ளது. கிரேக்கக் கீழுலக வேந்தனாகிய ஹேடீஸையும் அவன் துணைவி பெர்செபொனியையும் புதிதாக எழுதும் முயற்சிகள் இதற்குச் சான்றாகும். ரேச்சல் ஸ்மைத் 2018இல் தொடங்கிய ‘லோர் ஒலிம்பஸ்’ என்னும் இணையச் சித்திரக்கதையும், 2019இல் பிராட்வே மேடை ஏறிய அனாயிஸ் மிட்செலின் ‘ஹேடிஸ்டவுன்’ இசைநாடகமும் பரவலாக அறியப்பட்டவை. இவற்றைப் படித்தும் கண்டும் பழகியவர்கள், தனிமையில் வாடும் சாவரசன் ஓர் ஆண் எனவும் அவனுக்கு ஒளியாக வருபவள் ஓர் இளம்பெண் எனவும் எண்ணுவது இயல்பு. பழைய சான்றுகளை நோக்கும்போது இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. ஹேடீஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுத்தில் பதிவான எரெஷ்கிகல் ஓர் அரசி. தன் தனிமையைத் தன் வாயாலேயே கூறியவள்.

தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் பற்றுறுதியையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல், நாளை என்பது இன்றினின்று வேறுபடக்கூடும் என்னும் எதிர்பார்ப்பையே குறிக்கிறது. மாற்றம் இல்லாத ஓர் உலகில் சாவில்லாத ஒருத்திக்கு இத்தகைய எதிர்பார்ப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா.

மூலப்படிகளும் அவற்றின் பின்புலமும்

எரெஷ்கிகல் என்னும் சுமேரியப் பெயர் ‘பெருநிலத்தின் அரசி’ எனப் பொருள்படும். பெருநிலம் என்பது இங்கு இறந்தோர் உலகைச் சுட்டும். அவ்வுலகத்தை மெசொப்பொத்தேமியர் ‘மீளா நிலம்’ எனவும் வழங்கினர். நெர்கல் போர், கொள்ளைநோய், பேரழிவு ஆகியவற்றோடு தொடர்புடைய தெய்வம். ஏர்ரா என்னும் பெயராலும் குறிக்கப்படுபவன்.

இவ்விருவரின் மணத்தைக் கூறும் தொன்மத்தின் பழைய படி எகிப்தில் கிடைத்தது. 1887இல் வெளிப்பட்ட அமர்ணாக் களிமண் பலகைகளுள் ஒன்றாகிய இது, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமர்ணாவில் கிடைத்த பெரும்பாலான பலகைகள் அரசர்கள் எழுதிய கடிதங்களாகும். அக்காலத்தில் பன்னாட்டுத் தொடர்புமொழியாக விளங்கிய அக்காதியத்தைக் கற்பதற்கு எகிப்திய எழுத்தர்கள் இத்தொன்மப் பலகையைப் பயன்படுத்தினர் எனக் கருதப்படுகிறது. சொற்களைப் பிரித்தறியும் வகையில் அதில் இடப்பட்டுள்ள செந்நிறப் புள்ளிகள் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன.

மற்றொரு படி, துருக்கியின் ஊர்ஃபா நகருக்கு அருகிலுள்ள சுல்தான்தெப்பேயில் 1951–52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகழாய்வில் கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்படியை ஆலிவர் கர்னி 1960இல் பதிப்பித்தார். உருக் நகரில் கிடைத்த பிற்காலப் பாபிலோனியப் படியொன்றும் இதனோடு நெருங்கிய உறவுடையது. ஸ்டெஃபனி டாலி 1989இல் வெளியிட்ட மெசொப்பொத்தேமியத் தொன்மத் தொகுப்பில் அமர்ணாப் படியும் பிற்காலப் படியும் தனித்தனியே மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் அளவிலும் உணர்விலும் பெரிதும் வேறுபடுவதால், ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பிப் படிப்பது பொருந்தாது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிப்பதே பயன்தரும்.

பிறர் துயர் அறிந்த அரசி

இத்தொன்மத்துக்கு வெளியேயும் எரெஷ்கிகல் இரு முதன்மையான பனுவல்களில் இடம்பெறுகிறாள். அவற்றுள் ஒன்று, ‘இனன்னாவின் கீழுலகப் பயணம்’ என்னும் சுமேரியப் பாடல். வானரசியாகிய இனன்னா தன் தமக்கையின் நாட்டுக்குள் நுழைந்து, ஏழு வாயில்களிலும் அணிகளை இழந்து, இறுதியில் உயிரற்ற உடலாகத் தொங்கவிடப்படுகிறாள். அவளை மீட்க எங்கி என்னும் தெய்வம் தன் நகத்தின் அழுக்கிலிருந்து இரு உருவங்களைப் படைத்து அனுப்புகிறது. அவை கீழுலகை அடையும்போது எரெஷ்கிகல் அரியணையில் இல்லை. மகப்பேற்றுத் துன்பத்தில் இருப்பவளைப் போல், மேலே துணியுமின்றி, தலைவிரிகோலமாகக் கிடந்து முனகுகிறாள்.

அவ்வுருவங்கள் அவளோடு வழக்காடவில்லை, மன்றாடவுமில்லை. அவள் முனகும்போதெல்லாம் அம்முனகலைத் தாமும் திருப்பிச் சொல்கின்றன. தன் துயரை மற்றொரு குரலில் கேட்ட அரசி மனம் நெகிழ்ந்து, ஆற்றுநீரையும் விளைநிலத்தையும் பரிசாகத் தர முன்வருகிறாள். அவர்களோ தொங்கும் உடலை மட்டும் கேட்டுப் பெறுகின்றனர். மீளா நிலத்தின் சட்டம் இங்கு ஆற்றலால் வளையவில்லை, செவிகொடுத்தலால் வளைந்தது. ஆயினும் அவ்வாறு செவிகொடுத்தது உள்நோக்கம் கொண்ட ஓர் உத்தியே. வந்தவர்கள் தம் வேலை முடிந்ததும் சென்றுவிடுகின்றனர். அரசியின் துன்பம் என்னாயிற்று என்பதைப் பாடல் கூறாமல் விடுகிறது.

மற்றொன்று, இதன் அக்காதிய வடிவமாகிய ‘இஷ்தாரின் கீழுலகப் பயணம்’. தங்கை வந்திருக்கும் செய்தி கேட்டு முகம் வெளிறும் எரெஷ்கிகல், களிமண்ணை உணவாகவும் கலங்கல் நீரைப் பருகுபொருளாகவும் கொண்ட தன் வாழ்வைக் குறிப்பிடுகிறாள். மனைவியரை விட்டுவந்த இளைஞர்கள், காதலரின் மடியிலிருந்து பறிக்கப்பட்ட மகளிர், காலத்துக்கு முன் அனுப்பப்பட்ட குழந்தை ஆகியோரை நினைத்துக் கண்ணீரைப் பற்றிப் பேசுகிறாள். அவள் பட்டியலிடும் இழப்புகள் மூன்றும் உறவின் இழப்புகள் என்பது கருதத்தக்கது. காதல், மணம், மகவு ஆகியவற்றின் அருமையை அவற்றை இழந்து வருவோரின் வழியாகவே அவள் அறிந்திருக்கிறாள். தனக்கெனச் சொல்லிக்கொள்ள அவளிடம் உறவின் கதை ஏதும் இப்பகுதியில் இல்லை. பிறர் துயரைப் பேசத் தெரிந்த இக்குரல் தன் துயரைப் பேசும் இடமே சுல்தான்தெப்பேப் படியில் இடம்பெறும் புலம்பல்.

அமர்ணாப் படி: அச்சத்தில் முடிவான மணம்

இரு படிகளிலும் கதையின் தொடக்கம் ஒரு விருந்து. தெய்வங்கள் கூடி விருந்துண்ணும்போது எரெஷ்கிகலுக்குத் தூது அனுப்புகின்றனர். அவளால் மேலேறி வர இயலாது, அவர்களாலும் கீழிறங்கிச் செல்ல இயலாது. ஆகவே தன் பங்கு உணவைப் பெற ஒருவரை அனுப்புமாறு கூறுகின்றனர். அவள் தன் அமைச்சனாகிய நம்தாரை அனுப்புகிறாள். அவனுக்கு மற்றத் தெய்வங்கள் மதிப்பளிக்க, நெர்கல் மட்டும் அளிக்கவில்லை. இதனால் சினமுற்ற எரெஷ்கிகல், குற்றமிழைத்தவனைத் தன்னிடம் அனுப்புமாறு கேட்கிறாள்.

அமர்ணாப் படியில் இக்கோரிக்கையின் நோக்கம் அவனைக் கொல்வதே. ஏயா நெர்கலுக்குத் துணையாகப் பதினான்கு பேய்களை அளிக்கிறான். அவற்றை வாயில்தோறும் நிறுத்திவிட்டு உள்ளே புகும் நெர்கல், எரெஷ்கிகலின் கூந்தலைப் பற்றி அரியணையிலிருந்து கீழே இழுத்து, அவள் தலையை வெட்ட முனைகிறான். அவள் அழுது, தன்னைக் கொல்ல வேண்டாம் என வேண்டுகிறாள். தன்னை மனைவியாக ஏற்குமாறும், கீழுலக ஆட்சியையும் அறிவின் பலகையையும் அவனுக்கே தருவதாகவும் கூறுகிறாள். அதைக் கேட்ட நெர்கல் அவளை முத்தமிட்டுக் கண்ணீரைத் துடைக்கிறான். கதை அத்துடன் முடிகிறது.

கண்ணீரைத் துடைக்கும் இச்செயலை அன்பின் தொடக்கமாகக் கொள்வோர் உளர். அது பனுவலில் உள்ளதே, மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணீரைத் துடைக்கும் கையும் கூந்தலைப் பற்றிய கையும் ஒன்றே. மணத்தை முன்மொழிபவள் உயிரச்சத்தில் இருக்கிறாள். அவள் முன்வைப்பது விருப்பத்தை அன்று, உயிருக்கு ஈடான ஓர் உடன்பாட்டை. இப்படியில் எரெஷ்கிகலுக்குத் தனிமை உண்டு என ஊகிக்கலாம். அத்தனிமைக்குச் சொல் இல்லை. தனியாட்சி எவ்வாறு கைமாறியது என்பதே இப்படியின் அக்கறை. சுமேரிய மரபில் எரெஷ்கிகலுக்குரியதாக இருந்த கீழுலக ஆட்சியில் நெர்கல் பங்குபெற்ற வரலாற்றுக்கு இத்தொன்மம் காரணம் கற்பிக்கிறது எனப் பலர் கருதுவது இப்படியைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதே.

சுல்தான்தெப்பேப் படி: தனிமையின் அமைப்பு

பிற்காலப் படி இதே கதையைப் பன்மடங்கு விரித்துரைக்கிறது. அவ்விரிவு பெரும்பாலும் போருக்கோ வெற்றிக்கோ பயன்படவில்லை. தொலைவைக் காட்டவே பயன்படுகிறது. வானத்தின் நீண்ட படிக்கட்டில் தூதர்கள் இறங்குவதும் ஏறுவதும் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. ஏழு வாயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வாய்மொழி மரபின் இயல்பான திருப்புரை எனக் கொள்ளத்தக்க இவ்வுத்தி, இங்கு ஒரு கூடுதற் பணியையும் ஆற்றுகிறது. படிப்பவர் அவ்வழியைத் திரும்பத் திரும்பக் கடப்பதால், அவ்வழியில் ஒருமுறையேனும் ஏற இயலாதவளின் நிலை அழுத்தம் பெறுகிறது.

அனுவின் தூதன் ககா கீழிறங்கி வரும் காட்சி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தூதுச் செய்தியைக் கேட்டபின் எரெஷ்கிகல் மேலுலகத்தோரின் நலத்தை விசாரிக்கிறாள். அனு, என்லில், ஏயா எனத் தொடங்கி ஒவ்வொரு தெய்வமும் நலமா எனப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். தூதனும் ஒவ்வொருவரும் நலமே என மறுமொழி கூறுகிறான். இதனை அரசவை முறைமை என்று கடந்து செல்லலாம். ஆனால் தான் காண இயலாத உறவினரின் பெயர்களை ஒருத்தி ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, முறைமையே ஏக்கத்தின் வடிவமாகிறது. அவளுக்கு உறவினர் இல்லாமல் இல்லை. உறவினரோடு கூடும் வாய்ப்புத்தான் இல்லை. விருந்தில் அவளுக்குப் பங்கு உண்டு, இடம் இல்லை. தனிமை இங்கு அவளது குணமாக அன்றி, அவள் வகிக்கும் பதவியின் விளைவாகக் காட்டப்படுகிறது.

நெர்கலின் பயணமும் இப்படியில் வேறுவகையில் அமைகிறது. பேய்ப்படைக்குப் பதிலாக, மரங்களை வெட்டி ஓர் இருக்கை செய்து எடுத்துச் செல்லுமாறு ஏயா அறிவுறுத்துகிறான். அவ்விருக்கையின் பயன் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடர்ந்து ஏயா சில தடைகளை விதிக்கிறான். கீழுலகில் தரப்படும் இருக்கையில் அமரலாகாது, அப்பமும் இறைச்சியும் உண்ணலாகாது, மது பருகலாகாது, கால் கழுவத் தரும் நீரை ஏற்கலாகாது, நீராடச் செல்லும் அரசியின் உடலைக் கண்டு மனம் நெகிழலாகாது. இத்தடைகளுள் இறுதியானது ஒழிந்த அனைத்தும் விருந்தோம்பலின் கூறுகள் என்பதை நோக்க வேண்டும். ஒருவனைக் கீழுலகோடு பிணைப்பது வன்முறை அன்று. அங்குத் தரப்படும் உபசரிப்பு. எனவே நெர்கலுக்கு இடப்பட்ட கட்டளை, எதையும் பெற்றுக்கொள்ளாத விருந்தினனாக இரு என்பதே. எரெஷ்கிகலின் நாட்டில் அவள் தருவதை விரும்பிப் பெறுவார் எவருமில்லை என்னும் உண்மை இத்தடைகளில் உறைந்துள்ளது.

நெர்கல் முதலில் எல்லாத் தடைகளையும் காக்கிறான்; இறுதித் தடையை மட்டும் பின்னர் மீறுகிறான். இருவரும் தழுவிக்கொள்கின்றனர். ஆறு நாட்கள் ஒன்றாக இருக்கின்றனர். ஏழாம் நாள் அவன் வாயில்காவலனை ஏமாற்றி மேலேறிச் செல்கிறான். இங்கு நாட்கள் எண்ணப்படுகின்றன என்பது சிறு செய்தி அன்று. மீளா நிலத்தில் நாளுக்கு நாள் வேறுபாடு இல்லை. எண்ணத்தக்க நாட்கள் எரெஷ்கிகலுக்குக் காதலால்தான் கிடைக்கின்றன. நாட்களை எண்ணத் தொடங்கியவளுக்கே ஏழாம் நாளின் வெறுமை தெரியும்.

பிரிவும் தன்னுணர்வும்

நெர்கல் சென்றதை அறியாத எரெஷ்கிகல், காலையில் அறைகளில் நீர் தெளிக்கவும், வந்திருக்கும் விருந்தினனுக்கு அப்பமும் நீரும் அளிக்கவும் ஏற்பாடு செய்கிறாள். அவ்வேளையில்தான், விடியுமுன்பே அவன் போய்விட்டான் என நம்தார் தெரிவிக்கிறான். விருந்தோம்பலுக்குரிய காலையும் பிரிவுச் செய்தியும் ஒரே காட்சியில் மோதுகின்றன. எரெஷ்கிகல் கதறி இருக்கையிலிருந்து தரையில் விழுகிறாள்; கன்னங்களில் கண்ணீர் வழிகிறது. அவனோடு தான் கொண்ட இன்பம் நிறைவதற்குள் அவன் சென்றுவிட்டான் எனப் புலம்புகிறாள்.

அமர்ணாப் படியோடு இக்காட்சியை ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. அங்கு அவளை அரியணையிலிருந்து இறக்கியது பகைவனின் கை. இங்கு அவளை இறக்குவது அவளது துயரமே. அங்குக் கண்ணீர் உயிருக்காக. இங்குக் கண்ணீர் உறவுக்காக. ஒரே உடலசைவு இரு படிகளிலும் இருவேறு பொருள் பெறுகிறது.

இதனையடுத்து நம்தாரின் வாயிலாக அவள் மேலுலகுக்கு அனுப்பும் செய்தியே இப்பனுவலின் மையம். சிறுமியாக இருந்த காலந்தொட்டே மற்றச் சிறுமியரின் விளையாட்டைத் தான் அறிந்ததில்லை எனவும், குழந்தைகளின் துள்ளல் தனக்கு வாய்த்ததில்லை எனவும் அவள் கூறுகிறாள். தம்மால் அனுப்பப்பட்டுத் தன்னோடு கூடிய தெய்வத்தைத் திரும்ப அனுப்புமாறும், அவன் தன் கணவனாகத் தன்னோடு தங்க வேண்டும் எனவும் கேட்கிறாள். தான் தூய்மையிழந்த நிலையில் இருப்பதால் பெருந்தெய்வங்களுக்குரிய தீர்ப்புப் பணியை ஆற்ற இயலாது எனவும் அறிவிக்கிறாள்.

இச்செய்தியில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, கடந்தகாலத்தைப் பற்றியது. காதலனைக் கேட்பதற்கு அவள் தரும் காரணம் காதல் மட்டுமன்று. இல்லாமற்போன இளமையும் ஆகும். நிகழ்காலத்து இழப்பு ஒன்று, அதற்கு முன்னிருந்த பேரிழப்பைக் கண்டுகொள்ளச் செய்திருக்கிறது. அதுவரை குறையென்று அறியப்படாதது இப்போது குறையென்று அறியப்படுகிறது. இரண்டாவது, நிகழ்காலத்தைப் பற்றியது. அவளது பதவிப்பணி நின்றுவிட்டது. சாவின் ஆட்சியே ஒருத்தியின் பிரிவாற்றாமையால் தடைப்படுகிறது. மூன்றாவது, எதிர்காலத்தைப் பற்றியது. அவன் வரவேண்டும், தங்கவேண்டும் என அவள் கேட்கிறாள். முக்காலமும் ஒரே கூற்றில் இணையும் இவ்விடத்தில்தான், முன்னுரையில் வரையறுத்த பொருளிலான நம்பிக்கை தோன்றுகிறது. நெர்கல் அவள் அருகில் இருந்த ஆறு நாட்களில் அவள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியதாகப் பனுவல் காட்டவில்லை. அவன் இல்லாத ஏழாம் நாளில்தான் பேசுகிறாள். ஆகவே காதலன் நம்பிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தான் என்பதைவிட, அவன் விட்டுச்சென்ற வெறுமையில் அவள் அதனைக் கண்டெடுத்தாள் என்பதே பனுவலுக்கு நெருக்கமான வாசிப்பாகும்.

அச்சுறுத்தலின் பொருள்

எரெஷ்கிகலின் வேண்டுகோள் ஓர் எச்சரிக்கையோடு முடிகிறது. தன் கோரிக்கை நிறைவேறாவிட்டால் இறந்தோரை எழுப்புவதாகவும், அவர்கள் உயிருள்ளோரைத் தின்பதாகவும், இறந்தோரின் எண்ணிக்கை உயிருள்ளோரின் எண்ணிக்கையை விஞ்சும் எனவும் கூறுகிறாள். இதனை மரபுத்தொடர் என ஒதுக்குவது எளிது. இதே எச்சரிக்கையைக் கீழுலக வாயிலைத் திறக்கச் சொல்லும் இஷ்தாரும், கில்கமேஷ் காப்பியத்தின் ஆறாம் பலகையில் வான எருதைக் கேட்கும் இஷ்தாரும் விடுக்கின்றனர்.

எனினும், மரபுத்தொடர் யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. இஷ்தார் இறந்தோரின் தலைவி அல்லள். தனக்கு உரிமையில்லாத ஒன்றைக் கொண்டு அவள் அச்சுறுத்துகிறாள். எரெஷ்கிகலோ அவ்வுரிமை உடையவள். இறந்தோரை அடைத்துவைக்கும் பொறுப்பும் அவளுடையதே. அவள் வாயில் இத்தொடர் வெற்றுரையாகாது. இதுகாறும் தான் தனித்திருந்து காத்த எல்லையின் மதிப்பை அவள் மேலுலகுக்கு நினைவூட்டுகிறாள். உயிருள்ளோர் உயிரோடிருப்பது கீழுலக அரசி தன் பணியைச் செவ்வனே செய்வதால்தான். அப்பணிக்கு ஈடாக அவள் முதன்முறையாக ஒன்றைக் கேட்கிறாள். ஆதலின் இக்கூற்று மிரட்டலும் முறையீடும் ஒருங்கே ஆகிறது.

இதனால் காதல் அவளை மென்மையாக்கியது என்னும் எளிய முடிவுக்கு இடமில்லாமற் போகிறது. அவள் கண்ணீரோடு பேசுகிறாள், அரசியாகவே பேசுகிறாள். தனிமையை ஒப்புக்கொள்வது வலுவின்மை என்னும் கருத்தை இப்பகுதி மறுக்கிறது.

மாற்றுக் கருத்துகளும் மறுமொழியும்

இவ்வாசிப்புக்கு எதிராக எழக்கூடிய வினாக்கள் இரண்டு. முதலாவது, நெர்கலின் நேர்மை பற்றியது. தன்னைத் தேடி மேலேறி வந்த நம்தாரிடமிருந்து அவன் மறைந்துகொள்கிறான். ஏயா அவன் தோற்றத்தை மாற்றி, வழுக்கைத் தலையும் நொண்டும் காலும் உடையவனாக ஆக்குகிறான். இறுதியில் கீழிறங்கும்போது வாயில்காவலர்களை வீழ்த்திக்கொண்டே உள்ளே புகுகிறான். சிரித்தபடி எரெஷ்கிகலின் கூந்தலைப் பற்றி அவளை அரியணையிலிருந்து இழுக்கிறான். அமர்ணாப் படியின் வன்செயல் இங்கும் எஞ்சியிருக்கிறது. அதனைத் தொடர்ந்தே இருவரும் மீண்டும் தழுவிக்கொள்கின்றனர். எனவே இதனைக் காதற்கதை என்பது பொருந்துமா என்னும் வினா நியாயமானதே.

இவ்வினாவை முற்றிலும் தள்ளிவிட இயலாது. நெர்கலின் உள்ளத்தைப் பனுவல் திறந்து காட்டவில்லை. அவன் மீண்டது விருப்பத்தாலா, மேலுலகின் கட்டாயத்தாலா, ஆட்சி ஆசையாலா என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஆயினும் இக்கட்டுரையின் வாதம் நெர்கலின் காதலைச் சார்ந்தது அன்று. எரெஷ்கிகலின் கூற்றைச் சார்ந்தது. அவன் எக்காரணத்தால் வந்திருப்பினும், அவள் அவனை எக்காரணத்தால் கேட்டாள் என்பது பனுவலில் வெளிப்படையாக உள்ளது.

இரண்டாவது வினா ஆட்சியுரிமை பற்றியது. தனித்தாண்ட அரசி ஆண் தெய்வத்தோடு ஆட்சியைப் பகிர நேர்ந்ததை மறைக்கும் இனிப்புப் பூச்சாகவே தனிமைப் புலம்பல் சேர்க்கப்பட்டது எனப் பெண்ணிய நோக்கில் வாதிடலாம். பெண்ணின் ஆட்சி முழுமையற்றது, அவளுக்கு ஆண்துணை வேண்டும் என்னும் கருத்தை அப்புலம்பல் இயல்பாக்குகிறது என்பது அவ்வாதத்தின் வலுவான பகுதி. இதில் உண்மை உண்டு. இறுதியில் அவள் அரியணையில் அல்லாமல் அரியணையினின்று இறக்கப்பட்ட நிலையிலேயே காட்டப்படுகிறாள்.

ஆனால் இவ்வாதம் ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. எரெஷ்கிகல் தன் குறையாகக் கூறுவது கணவன் இன்மையை மட்டும் அன்று, விளையாட்டு இன்மையையும்தான். தோழமை, களிப்பு, இளமை ஆகியவற்றை மறுத்தே அவளுக்கு ஆட்சி தரப்பட்டது என்னும் குற்றச்சாட்டு அதில் அடங்கியுள்ளது. ஆண்துணையைப் பெற்றதால் அக்குற்றச்சாட்டு தீர்ந்துவிடுவதாகப் பனுவல் கூறவில்லை. இளமை திரும்பவில்லை. வான்படிக்கட்டில் ஏறும் உரிமையும் அவளுக்குக் கிட்டவில்லை. தனியாட்சிக்கு ஈடாக அவள் பெற்றது துணை மட்டுமே. அவ்விலை மிகுதியா என்னும் வினாவைப் பனுவல் படிப்பவரிடமே விட்டுவிடுகிறது. முதற்கூடலைக் கூறிய அதே வாய்பாட்டுத் தொடர்களாலேயே இறுதிக்கூடலும் கூறப்படுகிறது. அன்று ஏழாம் நாள் பிரிவு வந்தது. இன்று ஏழாம் நாள் அனுவின் செய்தி வருகிறது. சிதைந்த நிலையில் எஞ்சியுள்ள இறுதி வரிகள், நெர்கல் கீழுலகிலேயே தங்குவதைக் குறிப்பனவாகக் கொள்ளப்படுகின்றன.

ஹேடீஸோடு ஓர் ஒப்பீடு

எரெஷ்கிகலின் தனித்தன்மையை உணரக் கிரேக்க மரபோடு ஒப்பிடுவது உதவும். ஹோமரின் பெயரால் வழங்கும் தெமேத்தெர் துதிப்பாடல் பெர்செபொனி கவரப்பட்ட கதையை விரிவாகக் கூறுகிறது. அதில் ஹேடீஸ் பேசுவது அவள் தாயிடம் திரும்ப இருக்கும் வேளையில்தான். தான் அவளுக்குத் தகாத கணவன் அல்லன் எனவும், கீழுலகில் அவளுக்குப் பெருமதிப்பு உண்டு எனவும் அவன் கூறுகிறான். தன் தனிமையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மாதுளை விதையை மறைவாகத் தந்து அவளைத் தன் உலகோடு பிணைக்கிறான். அதனால் அவள் ஆண்டின் மூன்றில் ஒரு பகுதியைக் கீழுலகில் கழிக்க நேர்கிறது.

இரு கதைகளிலும் உணவு பிணைக்கும் ஆற்றலுடையது. இரண்டிலும் பிரிவு உண்டு. ஆனால் கிரேக்கப் பாடலில் பிரிவுத்துயரின் குரல் தாய்க்குரியது. கீழுலக வேந்தனுக்குரியது அன்று. இன்றைய மறுபடைப்புகள் ஹேடீஸுக்கு ஏற்றிக்கூறும் தனிமை அப்பாடலில் இல்லாதது. அதனைப் புதிதாகப் படைப்பது எழுத்தாளரின் உரிமை. எனினும், சாவை ஆளும் ஒருவர் தம் தனிமையைத் தாமே கூறும் பழைய சான்றைத் தேடுவோர், ஏதென்சு நோக்கிச் செல்வதைக் காட்டிலும் சுல்தான்தெப்பே நோக்கிச் செல்வதே முறையாகும். அங்கு அக்குரல் பெண்குரலாக உள்ளது என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

எரெஷ்கிகல் இடம்பெறும் பனுவல்கள் நேர்கோட்டு வளர்ச்சியைக் காட்டுகின்றன எனக் கூறுவதற்கில்லை. அவை வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு இடத்தவை. ஆயினும் அவற்றை அருகருகே வைக்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. சுமேரியப் பாடலில் அவள் துயரத்தைப் பிறர் எதிரொலிக்கின்றனர். இஷ்தார் பனுவலில் அவள் பிறர் துயரத்தைப் பேசுகிறாள். அமர்ணாப் படியில் உயிருக்காக அழுகிறாள். சுல்தான்தெப்பேப் படியில் மட்டுமே தன் வாழ்வுக்காக அழுகிறாள்.

தனிமையுற்ற சாவரசியைக் காதல் மீட்டது எனப் பொதுவாகச் சொல்லப்படும் கருத்தை இவ்வாய்வு இரு வகைகளில் திருத்துகிறது. ஒன்று, நம்பிக்கை கூடலில் அன்றிப் பிரிவில் தோன்றுகிறது. தன் குறையைத் தானே பெயரிட்டுச் சொல்லும் கூற்றில் தோன்றுகிறது. மற்றொன்று, அந்நம்பிக்கை விலையின்றிக் கிட்டவில்லை. தனியாட்சி பகிரப்பட்ட ஆட்சியாகிறது. ‘மீளா நிலம்’ எனப் பெயர்பெற்ற நாட்டுக்கு ஒருவன் மீண்டு வருகிறான் என்பதே இத்தொன்மத்தின் பெருமாற்றம். மேலிருந்து சென்றவர் யாரும் விரும்பித் திரும்பாத அந்நாட்டின் அரசி, ஒருவன் திரும்பி வருவான் என எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். அவ்வெதிர்பார்ப்புக்குத் தகுதியானவனா நெர்கல் என்பது தனி வினா. அதனைச் சொல்லத் துணிந்தவளின் குரல், களிமண் பலகையில் இன்றும் நிலைத்திருக்கிறது.